பல வருடம் தூங்கிய ஃப்ளாஷை மெதுவாக எழுப்புவோம்

அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பழைய கேமரா ஃப்ளாஷ் கையில் கிடைத்ததும், புது பேட்டரி போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கத்தான் மனம் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதும் மறுநாளில் சில நிமிடங்களும் ஒதுக்கினால் போதும்.

ஃப்ளாஷுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் ஒளிக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. அதற்குள்ளே அலுமினியத் தாளின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. மின்சாரம் கசியாமல் காப்பது அதுதான். நெடுநாள் சார்ஜ் ஏறாமலே கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் முழு வேகத்தில் ஏற்றினால் கசிவு அதிகமாகி உள்ளே சூடேறும், கெப்பாசிட்டரே பழுதாகலாம். மெதுவாக ஏற்றினால் படலம் தானாகவே திரும்ப வளரும்.

ஒரு எச்சரிக்கை: எந்தக் காரணத்துக்காகவும் ஃப்ளாஷின் உடலைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது நெடுநேரம் தங்கும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 330 வோல்ட் ஏறினால் ஏறக்குறைய 54 ஜூல் ஆற்றல். அது உயிருக்கே ஆபத்தான அளவு.

1. பேட்டரி அறை

பழைய அல்கலைன் பேட்டரி உள்ளேயே கசிந்திருந்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் அந்தக் காரம் முறியும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள்.

2. சார்ஜ் ஏற்றுதல்

முதல் தடவைக்குப் பாதி தீர்ந்த அல்கலைன் பேட்டரிகளே எனக்குப் பிடித்தவை. அவற்றால் வேகமாக மின்சாரம் தர முடியாது, நமக்கு வேண்டியதும் அதுதான். போடும் பேட்டரிகள் எல்லாமே ஒரே வகையாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்கட்டும்.

ஸ்விட்சைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பேட்டரி முனைகளை மறுபடி பாருங்கள். ரீங்காரம் கேட்டு, ரெடி லைட் (ஃப்ளாஷ் அடிக்கத் தயார் என்று காட்டும் சிறு விளக்கு) எரிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம்! பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டு, லைட் வந்ததும் அணையுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்துவிட்டு, அன்றிரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு நிமிடம் ஆகியும் லைட் வராவிட்டால் அணைத்து ஆற விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் லைட் வரும் நேரம் குறைகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். குறைந்தால் படலம் வளர்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. உடல் சுட்டாலோ, வேதிப்பொருள் வாடை வந்தாலோ உடனே பேட்டரியைக் கழற்றி அதோடு விட்டுவிடுங்கள்.

3. முதல் ஒளி

மறுநாள் நல்ல பேட்டரி போடுங்கள். ஒளியின் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். கண்களை நோக்கி வேண்டாம், ஃப்ளாஷின் முன்பக்கக் கண்ணாடியின் மேல் விரலும் வேண்டாம். ரெடி லைட் எரிந்தவுடன் சார்ஜ் முழுதாக ஏறியிருக்காது, இன்னும் அரை நிமிடம் காத்திருந்து அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி விட்டு, மெல்ல முழு அளவுக்கு வாருங்கள்.

4. கேமராவில் மாட்டும் முன்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களில், கேமராவில் மாட்டும் அடிப்பாகத்தில் 200 வோல்ட்டுக்கும் மேல் வரும். சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும். 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாத பழைய மாடல்களும் உண்டு. ரெடி லைட் எரியும்போது மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டிசி 600 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நடு ஊசியிலும் கருப்பு முனையை ஓரத்து உலோகத்திலும் தொட்டு அளந்து பாருங்கள். கேமரா கையேட்டில் சொன்ன அளவை மீறினால் நேரடியாக மாட்ட வேண்டாம். ஒளியை உணர்ந்து இயக்கும் ஸ்லேவ் ட்ரிக்கர் ஒன்றைப் பொருத்தினால், கேமராவைத் தொடாமலே அந்த ஃப்ளாஷ் வேலை செய்யும்.

இனி மாதம் ஒருமுறை எடுத்து நான்கைந்து தடவை அடியுங்கள். கடைசியில் ரெடி லைட் வந்ததும் அடிக்காமல் அணைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.