ஒரே ஒரு நோட்டை வாசிக்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜேம்ஸ் டென்னி 1971-ல் தாளக்கருவிக்காக எழுதிய ‘ஹேவிங் நெவர் ரிட்டன் எ நோட் ஃபார் பெர்கஷன்’ முழுவதும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். இருப்பது ஒரே நோட், அதாவது ஒரே சுரக் குறி. அதை இடைவிடாத ரோலாக (இரு கையாலும் மாறி மாறி விரைந்து அடித்து), கேட்டும் கேட்காத மென்மையில் தொடங்கி, உச்சகட்ட முழக்கம் வரை ஏற்றி, மறுபடி அதே மென்மைக்கு இறக்க வேண்டும். கால அளவு, ‘மிக நீளமாக’ என்பதோடு சரி. கருவி எதுவென்றும் சொல்லவில்லை. பலரும் டாம்-டாம் என்ற பெரிய வெண்கலத் தட்டையே எடுக்கிறார்கள். பார்த்தால் பயிற்சியே வேண்டாம் போலத் தோன்றும். அந்த நினைப்பிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, ஏற்றத்தைக் கையால் செய்யப் பார்ப்பது. டாம்-டாம் அடித்தவுடன் முழுப் பதிலையும் தராது. அடியின் ஆற்றல் முதலில் தாழ்ந்த அதிர்வுகளில் சேர்ந்து, பிறகுதான் மேல் அதிர்வுகளுக்குப் பரவும். அந்தப் பளபளக்கும் இரைச்சல் தாமதமாகவே எழும். இது தெரியாதவர், ‘சத்தம் ஏறவில்லையே’ என்று கையை இன்னும் ஓங்குவார். சற்று நேரத்தில் தட்டு மொத்தமாகப் பொங்கிவிடும். பாதி வழிகூடத் தாண்டாத நிலையில் உச்சம் தீர்ந்துபோகும். அதற்கு மேல் ஏற இடமிருக்காது. ஒவ்வொரு படியிலும் உலோகம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். என் கணிப்பில், இது கைப்பயிற்சியைவிடக் காதுப்பயிற்சிக்கான படைப்பு.

சத்தத்தோடு வேகத்தையும் கூட்டுவது அடுத்தது. அட்டையில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. பெரிய தட்டில் அளவுக்கு மீறி வேகமாக அடித்தால், ஒவ்வொரு அடியும் முந்தைய அதிர்வை மிதித்து ஒலியை அடைத்துவிடும். தனித்தனி அடியாகக் கேட்காத அளவு வேகம் போதும்.

கோலைத் தொடக்கத்துக்கு மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெல்லிய கோல் ஆரம்பத்தில் அழகாக இருக்கும், உச்சத்தில் கைவிடும். முதலில் உச்சத்தை வாசித்துப் பார்த்து, அதே கோல் மென்மைக்கும் ஒத்துவருகிறதா என்று சோதியுங்கள். நடுவில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கையாக மாற்றுங்கள்.

இறக்கத்தில் எல்லோருக்கும் அவசரம். தோள் வலி வேறு. தட்டு தானே முழங்கிக்கொண்டிருப்பதால், கையைக் குறைத்தாலும் சிறிது நேரம் வித்தியாசம் தெரியாது. ஆகவே கை ஒலிக்கு முன்னால் இறங்க வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. முடிவில் தட்டைக் கையால் பிடித்து அடக்குவதும் வேண்டாம்.

பயிற்சியின்போது காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்தால், பதிவுக் கருவி ஒலியளவைத் தானாகவே சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது மென்மையை உயர்த்தி, உச்சத்தை நசுக்கி, ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு தட்டையான இரைச்சலைத்தான் உங்களிடம் கொடுக்கும்.