முள்ளங்கி பூத்துவிட்டதா? பிடுங்காதீர்கள்

வசந்தம் முடியுமுன்பே வெயில் கொளுத்தியதில் என் முள்ளங்கி எல்லாம் பூத்தண்டு விட்டுவிட்டது. கிழங்கு நார் பாய்ந்து போச்சு. போன வருடம் கோபத்தில் பிடுங்கி எறிந்தேன், முட்டாள்தனம்.

இந்த முறை விட்டுவைத்தேன். பூவிலிருந்து வரும் காயைச் சமைத்துச் சாப்பிடலாம். பூவுக்குத் தேனீ வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும், அதனால் மருந்து அடிக்காதீர்கள். பக்கத்தில் அகலத் தட்டில் தண்ணீர், நடுவில் கூழாங்கற்கள் வையுங்கள். தேனீ உட்கார்ந்து குடிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், நாள்கணக்கில் தேங்கினால் கொசு வரும்.

காயைப் பச்சையாக, பிஞ்சாகப் பறியுங்கள். வளைத்தால் 'டப்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் நார்தான். எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, காய், உப்பு. நல்ல தீயில் 3 நிமிடம். அவ்வளவுதான். மூடினால் நிறம் மங்கும்.

முற்றியதைச் செடியிலேயே விடுங்கள். அது குருவிகளின் பங்கு.