தும்பிலி மீன்: வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மீன் என்றாலே கே.ஆர்.பி. அணையும் ஒகேனக்கல்லும்தான். கட்லா, ரோகு, ஜிலேபி என்று கெட்டிச் சதை மீனையே பொரித்துப் பழகிய கை, ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மெத்தென்ற சதையுள்ள கடல் மீனான தும்பிலியையும் (தண்ணிப்பன்னா என்றும் சொல்வார்கள்) அதே மாதிரி கையாள்வதால்தான் மீன் சட்டியிலேயே கரைந்துவிட்டது என்ற புலம்பல் வருகிறது. மீன் மேல் குற்றமே கிடையாது.

தலை வெட்டிய மீனை வாங்காதீர்கள். தலையும் குடலும் போய்விட்டால் தும்பிலியும் கிழங்கான் என்ற இன்னொரு கடல் மீனும் அவசரப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், விலையோ கிழங்கானுக்குத்தான் கூட. தும்பிலிக்கு ஓணான் மாதிரி தலை, கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய், நாக்கில்கூடப் பொடிப் பற்கள். கிழங்கானுக்குக் கூர்மூக்கு, சின்ன வாய். தலை இல்லையா, முதுகில் வால் பக்கம் பாருங்கள், முள்ளே இல்லாத குட்டிச் சதைத் துடுப்பு இருந்தால் தும்பிலிதான்.

பெரிய தவறு ஃப்ரீசர். மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வந்து வாரக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். இந்த மீனின் சதையில் உள்ள ஒரு நொதி, உறைந்த பிறகும் வேலை செய்து, கடல் மீனில் இயல்பாகவே இருக்கும் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடை உடைத்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். அது புரதத்தை இறுக்கிவிட, நீர் வெளியேறிச் சதை சக்கையாகிவிடும். அதனால் ஃபார்மலின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள் நிறம் மாறியதுமே, வியாபாரி ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) தெளித்துவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், மீனே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். வாங்கிய அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

அப்புறம், காலம் பார்க்காமல் வாங்குவது. தும்பிலி மணலும் சேறுமான கடலடியில் கிடக்கும் மீன், பெரும்பாலும் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போகும் இழுவலையில்தான் சிக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது நம் சந்தைக்கு வருவது மேற்குக் கரை மீனாகவோ கிடங்கில் கிடந்ததாகவோ இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், வயிறு கிழிந்து தொளதொளத்தால் வேண்டாம்.

சமையலில், ஈரத்தோடு எண்ணெயில் போடாதீர்கள். உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும், அதை வடித்து, துணியால் ஒற்றி, அப்புறம் மசாலாவோடு கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பொரியுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை கரண்டி படவே கூடாது. குழம்பென்றால் புளி நன்றாகக் கொதித்த பிறகு கடைசியில் போட்டு, சட்டியைச் சுழற்றி விட்டால் போதும். பொடிமுள் அதிகம், குழந்தைகளுக்குத் துண்டாகக் கொடுக்காமல் அவித்து உதிர்த்து, முள் பொறுக்கிப் புட்டாகக் கொடுங்கள்.