காட்டுப்பன்றி இறைச்சி: பார்த்து வாங்கி, நன்றாக வேகவைப்பது

மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்த இறைச்சியைத் தொடவே வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வேளாண்மையைக் கிளறும் காட்டுப்பன்றி என்றாலும், நஞ்சு வைத்தோ வெடி வைத்தோ விழுந்ததையும், செத்துக் கிடந்ததையும் வாங்காதீர்கள்.

கையுறை போட்டு வெட்டுங்கள். தசைக்குள் அரிசிமணி அளவில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது நாடாப்புழுவின் குடம்பி. முழுவதையும் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். கண்ணுக்கே தெரியாத புழுவும் உண்டு. உப்பு, வெயில், புகை எதுவும் அதை நிச்சயமாகக் கொல்லாது. ஆகவே இறைச்சி வத்தலையும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

முதிர்ந்த ஆண்பன்றியின் கவிச்சி கொழுப்பில்தான் நிற்கும். அதைச் சீவி எறியுங்கள். ஒரு கிலோவை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, 4 கொறுக்காய்ச் (கொடம்புளி) சுளை, 2 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், 1 மேசைக்கரண்டி இடித்த மிளகு, இஞ்சி, உள்ளி, உப்புப் பிரட்டி அரை மணிநேரம் ஊறவிடுங்கள். றம்பை இலை, சேரை (எலுமிச்சைப்புல்) போட்டு, இறைச்சி மூழ்கத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணிநேரமாவது மூடி அவியுங்கள். பெருநெருப்பில் தண்ணீர் வற்றிவிடும், தசை நார் இறுகிப்போகும். உள்ளே இளஞ்சிவப்பு மிஞ்சக்கூடாது. வெப்பமானி இருந்தால் 71 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும். தேங்காய் முதற்பால் கடைசியில்.