கிராஞ்சித் தூண்களில் பெயர் இருக்கிறது, முகத்தைச் சேர்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த ஒரு தாத்தாவின் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்து, அதை நினைவுத் தூணிலுள்ள அவர் பெயரோடு சேர்க்க நினைத்தால், கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குக் கிளம்பாதீர்கள். முதலில், அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையப் பட்டியலில் தேடுங்கள். முத்துசாமி, முத்துஸ்வாமி என்று எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கும். சில பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட இருக்கும், அதை வைத்துத்தான் நம்மவரா என்று உறுதி செய்யமுடியும். படை எண்ணை, அதாவது சிப்பாய்க்குப் படையில் கொடுத்த எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

பலர் கல்லறை வரிசைகளில் மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள்தான், அவற்றிலும் 850க்கும் மேற்பட்டவை அடையாளம் தெரியாதவர்களுடையவை. கல்லறையே தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மேட்டின் மேலுள்ள சிங்கப்பூர் நினைவகத் தூண்களில் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர், அதற்குப் பின்னால் தனி நினைவகம் உண்டு.

தூணில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக வரும். மூன்று படம் எடுங்கள்: எண் தெரிகிற மாதிரி முழுத்தூண், படைப்பிரிவின் தலைப்போடு சேர்ந்த பகுதி, அப்புறம் பெயர் மட்டும் நெருக்கத்தில். முதல் இரண்டும் இல்லையென்றால் அந்தப் பெயர் எங்கே இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. உச்சிவெயிலில் செதுக்கிய எழுத்து தட்டையாகத் தெரியும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எழுத்து எடுப்பாக நிற்கும். எழுத்து தெரியட்டும் என்று மாவோ சாக்பீஸோ தேய்க்கவே கூடாது.

வீட்டுப் படத்தைக் கறுப்புத் தாளிலிருந்து உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) என்ற, தரம் குறையாத வகைக் கோப்பாக வையுங்கள். தனிப்படமாக இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். தொப்பி வில்லையையும் தோள்பட்டைப் பித்தளை எழுத்தையும் தனியாகப் பெரிதாக்கி எடுத்தால், குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லாத படைப்பிரிவு சில நேரம் பிடிபடும். ஏஐ போட்டு வண்ணம் பூசுவது இப்போது ஒரு மோகம். பூசுங்கள், ஆனால் மூலத்தைத் தொடாதீர்கள், சீருடையின் நிறத்தை அது இஷ்டத்துக்குப் போட்டுவிடும்.

கோப்பின் பெயரில் படை எண், பெயர், தூண் எண். இதுதான் இவர் என்று யார் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். உறுதியில்லையா, அப்படியே குறித்துவிடுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது. வெளியே பகிர்வதற்கு முன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போரின்போது ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர் படங்களும் இந்தத் தேடலில் கிடைக்கக்கூடும். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, இந்தத் தூண்களில் தேடிப் பயனில்லை. அதற்காக ஒதுக்கிவிடாமல், தனி ஃபோல்டர் போட்டு, எந்தத் தோட்டம், யார் சொன்னது என்று இதே ஒழுங்கில் எழுதி வையுங்கள்.