பிய்த்துச் சாப்பிடும் இனிப்பு பிரெட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, உருக்கிய வெண்ணெயில் முக்கி, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி, டின்னில் அடுக்கி பேக் செய்து கவிழ்த்தால் பாகு வழிய வந்து நிற்குமே, அந்த பிரெட்டைப் பற்றித்தான் பேச்சு. கத்தி வேண்டாம், ஆளுக்கொரு உருண்டையாகப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மங்கி பிரெட் என்பார்கள், புல்-அபார்ட் பிரெட் என்றும் சொல்வார்கள். படத்தில் பார்த்தால் ரொம்ப சுலபம் போலத் தெரியும். செய்து பார்த்தால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாக இருக்கும், இல்லாவிட்டால் உருண்டை ஒவ்வொன்றும் கல்லாகக் கிடக்கும், அதுவும் இல்லையென்றால் பாதி பிரெட் டின்னிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இந்தத் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. இதையும் சாதா பிரெட் மாவாக நினைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை நான்கும் சேர்ந்துவிட்டால் ஈஸ்ட் வேலை செய்யும் வேகம், பிசையும் விதம், மாவு உப்பி எழும் நேரம், நிறம் மாறும் வேகம் எல்லாமே மாறிவிடும். கணக்குக்கு ஒரு அளவை வைத்துக்கொள்வோம்: மைதா 500 கிராம், பால் 270 மில்லி, முட்டை 1, சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 75 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

முதலில் ஈஸ்ட். பால் சூடாக இருந்தால் ஈஸ்ட் சீக்கிரம் வேலை செய்யும் என்று நினைத்து ஆவி பறக்கப் பறக்க ஊற்றுபவர்கள் நிறைய பேர். 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும், அதாவது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் மாவு அசையாது. குளிர்ந்த பால் ஊற்றினால் ஈஸ்ட் சாகாது, மெதுவாக எழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே சந்தேகம் வந்தால் சூட்டைக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பு. டப்பாவில் இன்ஸ்டன்ட் என்று போட்டிருந்தால் நேராக மாவிலேயே கலக்கலாம். ஆக்டிவ் டிரை என்றால் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கரைத்து 10 நிமிடம் வைத்து, நுரை வந்த பிறகு சேர்க்க வேண்டும். நுரையே வரவில்லையா, அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடுங்கள். ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான், மொத்தச் சர்க்கரையையும் அந்தக் கிண்ணத்திலேயே போட்டால் ஈஸ்ட் திணறிப்போகும்.

சர்க்கரை ஈஸ்ட்டுக்கு உணவுதானே, அதிகம் போட்டால் என்ன என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கும்வரை உணவுதான். மைதாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டியதும் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பிக்கும், ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் ஈரமும் வெளியே போகும், வேகம் குறைந்துவிடும். மேலே சொன்ன 60 கிராமே 12 சதவீதம், எல்லைக்கோட்டில்தான் நிற்கிறோம். இனிப்பு பிரெட்தானே என்று 150 கிராம் கொட்டினால் மாவு கனத்துப்போய் உட்கார்ந்துவிடும். இனிப்பு வர வேண்டியது மேல்பூச்சில், மாவில் இல்லை. பட்டைத்தூளுக்கும் இதே கதைதான். வாசனைக்கு என்று அதை மாவிலேயே கலந்தால் பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைட் என்ற பொருள் ஈஸ்ட்டைத் தடுக்கும். சர்க்கரையோடு சேர்த்து வெளியே புரட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம், தெரிந்தோ தெரியாமலோ இந்த பிரெட்டின் அமைப்பே ஈஸ்ட்டுக்குச் சாதகமாக இருக்கிறது.

மாவை கப்பில் அளப்பது அடுத்த வில்லங்கம். ஒரே கப்பில் ஸ்பூனால் மெதுவாகப் போட்டு அளந்தால் 120 கிராம், மாவு டப்பாவுக்குள் கப்பையே விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை வரும். நாலு கப்புக்கு நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம், அந்த நூறு கிராம்தான் பஞ்சு உருண்டைக்கும் காய்ந்த உருண்டைக்கும் நடுவில் நிற்கிறது. தராசு இருந்தால் பாதிப் பிரச்சினை ஓய்ந்தது.

பிசைவதில்தான் நிறைய பேர் பொறுமை இழக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் இந்த மாவு கையெல்லாம் ஒட்டும், மேடையில் ஒட்டும், விரலிடுக்கில் பிசுபிசுவென்று நிற்கும். உடனே ஒரு கை மாவு, ஒட்டுகிறதே என்று இன்னொரு கை மாவு. தவறு இங்கேதான். ஒட்டட்டும், விடுங்கள். மாவும் பாலும் முட்டையும் சேர்ந்து பிடிபட்டதும் மூடி வைத்து 20 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள், மைதா தானாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், திரும்பி வந்து தொட்டால் பாதி ஒட்டல் போயிருக்கும். வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டுவிடாதீர்கள். கொழுப்பு மாவின் புரதத்தைப் பூசி மூடிவிடும், மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரத வலை பின்னுவதற்கு நேரம் எடுக்கும். கொஞ்சம் பிசைந்து மாவு இழுபட ஆரம்பித்த பிறகு, உருக்காமல் மெத்தென்று இருக்கும் வெண்ணெயை மூன்று நாலு தவணையாகச் சேர்க்க வேண்டும். முதல் தவணை போட்டதும் நல்லா சேர்ந்திருந்த மாவு திடீரென்று வழுக்கிக்கொண்டு துண்டு துண்டாகப் பிரியும், பார்த்தால் கெட்டுப்போன மாதிரியே இருக்கும். பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தால் வெண்ணெய் உள்ளே போய், மேடையில் அப்பியிருந்த மாவைக்கூட அந்த உருண்டையே துடைத்து எடுத்துக்கொண்டு பளபளப்பாக நிற்கும். ஒரு சிறு துண்டை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக விரிந்தால் பதம் வந்துவிட்டது. கையால் பிசைந்தால் இதற்கு மொத்தம் 15 நிமிடம்கூட ஆகலாம்.

அப்புறம் மாவு உப்பி எழும் நேரம். குறிப்பில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கும், கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடுவோம். மாவுக்குக் கடிகாரம் தெரியாது. இனிப்பு மாவு ஒன்றரை, சில நாள் இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். இரண்டு மடங்கு ஆனதா என்பதுதான் கேள்வி. அதற்கு அகலமான கிண்ணத்தை விட, நேராக நிற்கும் பாத்திரத்தில் வைத்து வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் கண்ணாலேயே தெரிந்துவிடும். சீக்கிரம் ஆகட்டும் என்று ஓவனை 50 டிகிரியில் வைத்து உள்ளே தள்ளுவது இன்னொரு தவறு. வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருக ஆரம்பிக்கும், மாவிலிருந்து எண்ணெயாகக் கசியும். அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு மூடி வைத்தால் போதுமானது.

என்னைக் கேட்டால் உருண்டை பிடிப்பதற்கு முந்தைய இந்த முதல் உப்பலை ஃபிரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம் விடுவதுதான் சிறந்த வழி. சுவை கூடும், குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது, உருண்டை பிடிப்பது ரொம்ப லேசு. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவு டின்னில் போன பிறகு உப்ப அதிக நேரம் கேட்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உருண்டை ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம். நம் கணக்குக்கு முப்பதுக்கு மேல் வரும். முதல் இரண்டை நிறுத்துப் பார்த்துவிட்டால் மற்றவை கைக்குப் பழகிவிடும். ஒன்று 20, ஒன்று 50 என்று போனால் சிறியது காய்ந்துபோகும் நேரத்தில் பெரியது வெந்திருக்காது. அழகான உருண்டை வேண்டுமே என்று மெனக்கெட வேண்டாம், புரட்டி எடுத்த பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலே மாவு மட்டும் தூவாதீர்கள், அது வெண்ணெயோடு சேர்ந்து கூழாகி சர்க்கரையை ஒட்ட விடாது.

பூச்சுக்கு 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் பிரவுன் சுகர், இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. உருக்கிய வெண்ணெயை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு பயன்படுத்தினால் உருண்டையின் மேல்பரப்பில் இருக்கும் ஈஸ்ட் அவிந்துவிடும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். எல்லாப் பக்கமும் வெண்ணெயும் சர்க்கரையும் படுவது முக்கியம், அந்தப் படலம்தான் ஒரு உருண்டையை இன்னொன்றிலிருந்து பிரித்து வைக்கிறது, விட்டுப்போன இடத்தில் இரண்டும் ஒன்றாகி பிய்க்க வராது. மீதியான வெண்ணெயையும் சர்க்கரையையும் வீணாக்குவானேன் என்று மொத்தத்தையும் மேலே கொட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். நாலைந்து டேபிள்ஸ்பூனுக்கு மேல் போனால் அடிவரிசை உருண்டைகள் பேக் ஆகாமல் பாகில் வேகும், கவிழ்த்ததும் தொளதொளவென்று கிடக்கும்.

டின் விஷயம் சின்னது போலத் தெரியும், ஆனால் பச்சை மாவுப் பிரச்சினையின் பாதி இங்கேதான். நடுவில் குழாய் வைத்த கேக் டின்னை இதற்குப் பயன்படுத்துவது அழகுக்காக மட்டும் இல்லை, குழாய் வழியாக நடுப்பகுதிக்கும் சூடு போகிறது. அது இல்லாவிட்டால் ஆழமான வட்ட டின்னை விட்டுவிட்டு அகலமான, உயரம் குறைந்த டின்னில் இரண்டே அடுக்காக வையுங்கள். எந்த டின்னானாலும் அடுக்கும்போது பாதிக்குக் கொஞ்சம் மேல், அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு. அடி கழற்றும் டின் வேண்டவே வேண்டாம். பாகு இடுக்கு வழியாக ஒழுகி ஓவன் அடியில் கருகி வீடெல்லாம் புகையாகும்.

இரண்டாவது உப்பல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், ஃபிரிட்ஜ் மாவுக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். உருண்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விரலால் லேசாக அமுக்கினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எழவே இல்லையென்றால் அதிகமாகிவிட்டது, உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள், இன்னும் வைத்தால் வேகும்போது அமுங்கிவிடும்.

இப்போது எல்லாரும் ஏமாறும் இடம். பாலும் முட்டையும் சர்க்கரையும் இருப்பதால் 20 நிமிடத்திலேயே மேல்புறம் அழகான பொன்னிறத்துக்கு வந்துவிடும், வீடு முழுக்க வாசனை, எடுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். எடுத்தால் அவ்வளவுதான். வெளிவரிசை நன்றாக இருக்கும், நடுவில் இருந்து ஒன்றைப் பிய்த்தால் உருண்டையின் மையத்தில் வெள்ளையாக, பிசினாக, பல்லில் ஒட்டும் மாவு. ஓவனை முன்கூட்டியே 15 நிமிடமாவது சூடாக்கி, 175 டிகிரியில், நடுத்தட்டுக்கு ஒரு தட்டு கீழே வைத்து 35 முதல் 40 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு டின் என்றாலும் சற்றுக் குறைக்க வேண்டும். நிறம் வந்ததும் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாக மேலே போட்டுவிட்டு மீதி நேரத்தையும் ஓட விடுங்கள். குச்சி குத்திப் பார்ப்பதை இதில் நம்ப முடியாது, குச்சியில் ஒட்டியது பாகா மாவா என்று யார் சொல்வது? தெர்மாமீட்டரை நடு அடுக்கு உருண்டைக்குள் சொருகினால் 88 முதல் 93 டிகிரி காட்ட வேண்டும். அது இல்லையென்றால் நடுப்பகுதியில் ஒரு உருண்டையை ஃபோர்க்கால் கொஞ்சம் தூக்கிப் பிரித்துப் பாருங்கள், ஒரு உருண்டை கலைந்தால் குடி முழுகிப்போகாது.

வெளியே எடுத்ததும் கவிழ்க்காதீர்கள், மறந்தும் போகாதீர்கள். உடனே கவிழ்த்தால் பாகு தண்ணீராக ஓடி பிரெட் சரிந்துவிடும். அரை மணி கழித்துப் போனால் பாகு இறுகி டின்னைப் பிடித்துக்கொள்ளும். 5 முதல் 10 நிமிடம்தான் சரியான இடைவெளி. விளிம்பு உள்ள தட்டை மேலே வைத்து ஒரே மூச்சில் கவிழ்த்து, ஒரு நிமிடம் டின்னை அப்படியே விட்டுவைத்தால் மீதிப் பாகும் இறங்கிவிடும். ஒட்டிக்கொண்டால் கத்தியை விட்டுக் குடையாமல், டின்னோடு மறுபடி சூடான ஓவனில் மூன்று நாலு நிமிடம் வையுங்கள், இளகி வரும். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் கவனம், கொதிநீரை விடப் பாகின் சூடு அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

மேலே ஐசிங் ஊற்றுவதாக இருந்தால் கால் மணி நேரம் ஆற விடுங்கள், சூட்டில் ஊற்றியது எல்லாம் தட்டுக்குப் போய்விடும்.

மீதி இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரமாக இறுகிவிடும், மறுநாள் ரப்பர் மாதிரி ஆகும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் இருக்கும், அதற்கு மேல் என்றால் உருண்டைகளைப் பிரித்து ஃபிரீசரில் போடுங்கள். சூடாக்கும்போது ஃபாயிலில் சுற்றி 150 டிகிரியில் 10 நிமிடம், ஃபிரீசரில் இருந்து நேராக எடுத்தது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் கூட. மைக்ரோவேவ் என்றால் ஒரு உருண்டைக்கு 15 விநாடிக்கு மேல் போகாதீர்கள், மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேலே உள்ள சர்க்கரை கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கைச் சுட்டுக்கொள்வீர்கள்.