ஸ்லைடைப் பார்த்து எந்தத் திசு என்று கண்டுபிடிப்பது எப்படி

ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் எல்லாமே ஊதாவும் இளஞ்சிவப்புமாகத்தான் தெரியும், அதனால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வழக்கமாகப் போடும் இரண்டு சாயங்களில் ஹீமடாக்சிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும், ஈயோசின் சைட்டோபிளாசத்தையும் கொலாஜன் என்ற புரத இழைகளையும் இளஞ்சிவப்பாக்கும், எந்தத் திசுவாக இருந்தாலும் இதே கதைதான். செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் என்ன இருக்கிறது, உட்கரு எங்கே இருக்கிறது, இந்த மூன்றைத்தான் தேட வேண்டும்.

எடுத்த எடுப்பில் 40எக்ஸ் லென்ஸுக்குப் போகாதீர்கள். 4எக்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, காலியிடத்தை ஒட்டி ஒரு ஓரமோ குழாயின் உட்புறமோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓரத்தில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் எபிதீலியம், அதாவது பரப்பைப் போர்த்தும் திசு. உள்ளே இரத்தக் குழாய் இருக்காது. பெயர் சொல்ல, அடுக்கு ஒன்றா பலவா என்று பார்த்துவிட்டு, மேலடுக்குச் செல்லின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கனசதுரமாக இருந்தாலும் மேலே தட்டையாக இருந்தால் அது அடுக்குத் தட்டை எபிதீலியம்தான். மூச்சுக்குழாய் கொஞ்சம் ஏமாற்றும்: உட்கருக்கள் மேலும் கீழுமாகத் தெரிவதால் பல அடுக்கு மாதிரி இருக்கும், ஆனால் எல்லாச் செல்லும் எபிதீலியத்துக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மேலே மெல்லிய குற்றிழைகள் தெரிந்தால் பொய்யடுக்கு எபிதீலியம் என்று எழுதிவிடலாம்.

செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, நடுவில் வேறு பொருள் நிறைந்திருந்தால் இணைப்புத் திசு. வழவழப்பான பரப்பில் சிறு குழிகள், குழிக்குள் ஒன்றிரண்டு செல்கள் என்றால் குருத்தெலும்பு. ஒரு கால்வாயைச் சுற்றி வட்டம் வட்டமாக வளையங்கள் என்றால் எலும்பு. வெறும் காலி வளையங்களாகத் தெரிந்தால் காற்றுக்குமிழி என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது கொழுப்புத் திசுவாக இருக்கலாம். ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்து போய்விடும், ஓரமாகத் தள்ளப்பட்ட உட்கருவும் சவ்வும்தான் மிச்சம். அப்புறம், இரத்தமும் இந்தக் குடும்பம்தான். அங்கே நடுவில் இருப்பது பிளாஸ்மா.

தசையில் உட்கருவே பாதி விடையைச் சொல்லிவிடும். நீண்ட இழை, ஓரமாகப் பல உட்கருக்கள், குறுக்கு வரிகள் என்றால் எலும்புத் தசை. வரிகள் இருந்தும் இழை கிளை பிரிந்து உட்கரு நடுவில் இருந்தால் இதயத் தசை. இருமுனையும் கூரான செல், நடுவில் ஒரே உட்கரு, வரியே இல்லை என்றால் மென்தசை. வரி தெரியவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள், மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள், வரிகள் எடுப்பாகத் தெரியும். குறுக்காக வெட்டிய துண்டில் வரிகளை எதிர்பார்க்க முடியாது, அங்கே உட்கருவின் இடம்தான் கைகொடுக்கும்.

தண்டுவட ஸ்லைடில் நரம்புத் திசு சுலபம்: பெரிய நியூரான், வெளிறிய உட்கரு, அதன் நடுவே அடர்ந்த புள்ளியாக நியூக்ளியோலஸ், சுற்றிலும் நியூரான்களுக்குத் துணை நிற்கும் கிளையல் செல்களின் குட்டி உட்கருக்கள்.

சிக்கல் வருவது மென்தசை, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), புற நரம்பு மூன்றையும் நீளவாக்கில் வெட்டி வைத்தால். மூன்றுமே இளஞ்சிவப்பு இழைக்கட்டுதான், பரீட்சையில் மார்க் போவதும் பெரும்பாலும் இங்கேதான். தசைநாணில் உட்கருக்கள் ஒடுங்கி, கொலாஜன் கட்டுகளுக்கு இடையில் வரிசையாக இருக்கும். மென்தசையில் உட்கரு செல்லுக்குள்ளேயே நடுவில் இருக்கும், தசை சுருங்கியிருந்தால் திருகு மாதிரிகூடத் தெரியும். நரம்பில் இழைகளே அலை அலையாக நெளிந்து, கட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் மறுபடி 4எக்ஸுக்கு வந்து அக்கம்பக்கம் பாருங்கள், பக்கத்தில் எபிதீலியம் போர்த்திய குழாய்ச் சுவர் இருந்தால் மென்தசை என்று துணிந்து எழுதலாம்.